நட்சத்திரக் கோடுகள்: கேமராவை வடக்கே திருப்புவதற்கு முன்

நீண்ட நேரம் படமெடுத்தால் வான நகர்வில் நட்சத்திரங்கள் கோடுகளாகப் பதியும். அவை வட்ட வட்டமாகச் சுழலும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, கேமராவை வடக்கே திருப்பி வைப்பதுதான் தமிழ்நாட்டில் பலர் செய்யும் முதல் தவறு. அந்தப் படங்களில் பெரும்பாலானவை நமக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளில் எடுத்தவை. அந்த வட்டங்களின் நடுவில் இருப்பது துருவ நட்சத்திரம். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பாகை உயரத்தில்தான் அங்கே அது தெரியும். லண்டனில் 51 பாகை, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. அடிவானத்தை ஒட்டிய தூசிக்கும் ஊர் வெளிச்சத்துக்கும் நடுவில் அதைத் தேடிப்பிடிப்பதே பாடு. பிடித்தாலும், சுற்றியுள்ள பெரிய வட்டங்களின் அடிப்பகுதி தரைக்குக் கீழே போய்விடும்.

கிழக்கே திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் நட்சத்திரங்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும். மார்கழித் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு முன்னிரவில், ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டை நட்சத்திரங்கள் மூன்றும் நேர்கோடாக ஏறும்; இடப்பக்கத்துக் கோடுகள் இடப்பக்கமாகவும் வலப்பக்கத்தவை வலப்பக்கமாகவும் வளையும். அகலக் கோண லென்ஸில் இது வட்டங்களைவிட அழகு என்பது என் கட்சி. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, அளவுக்கு மீறி ஏற்றினால் எல்லாக் கோடும் வெளுத்துவிடும். திருவாதிரையின் செம்மை காணாமல் போகும்.

ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்தே வைப்பது ஃபிலிம் காலத்து வழக்கம். டிஜிட்டல் கேமராவில் சென்சார் சூடேறிப் படமெங்கும் புள்ளிகள் தெறிக்கும். இடையில் ஒரு கார் விளக்கு பட்டால் மொத்தமும் வீண். 30 விநாடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்து, பிறகு மென்பொருளில் அடுக்குவதே வழி. ஒரு மணி நேரத்தில் வானம் 15 பாகை நகரும். அதற்கும் குறைவென்றால் வெறும் கீறல்கள்தான் மிஞ்சும்.

அடுக்கிய பிறகு கோடுகள் துண்டு துண்டாக நிற்கின்றனவா? பெரும்பாலும் குற்றவாளிகள் இருவர். முதலாவது, நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பு (வேண்டாத புள்ளிகளைக் கழிக்கும்) வசதி. அது இயங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஷட்டரை மூடிக்கொண்டு அதே 30 விநாடிக்கு ஓர் இருட்டுப் படத்தைக் கேமரா தானாக எடுக்கும். அந்த நேரத்து வானம் போனது போனதுதான். இரண்டாவது, இடைவெளிக் கணக்கு. பல கேமராக்களில் 30 விநாடி என்று காட்டுவது உண்மையில் 32 விநாடி ஓடும். குறித்த இடைவெளியில் படமெடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டரில் 31 என்று வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு படம் தவறும். கோடுகளுக்கு இன்டர்வலோமீட்டரே வேண்டாம்: தொடர் படமுறையில் வைத்து, கேபிள் ரிலீஸின் (கம்பியில் இணைத்த ஷட்டர் விசை) பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டால் போதும்.

படங்களைக் கோர்த்து வேகமாக ஓடும் வீடியோவாக்கும் டைம்லாப்ஸில் கணக்கு வேறு. விநாடிக்கு 24 படம் என்றால் 10 விநாடி வீடியோவுக்கு 240 படங்கள் தேவை. 30 விநாடிக்கு ஒன்றாக எடுத்தால் அதற்கே இரண்டு மணி நேரம். அரை மணியில் அலுத்துத் திரும்புகிறவர் கையில் இரண்டரை விநாடிதான் இருக்கும். ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஐஎஸ்ஓவையும் ஆட்டோவில் விட்டால் வீடியோ மினுக்கும். இரண்டையும் ஓர் எண்ணில் நிறுத்திவிடுங்கள்; ஒயிட் பேலன்ஸுக்கு 4000 கெல்வின் போல.

ஃபோகஸ் வளையத்திலுள்ள முடிவிலிக் குறியை நம்பவேண்டாம். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிச் சரிசெய்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். ட்ரைபாடில் வைத்ததும் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் அமாவாசைக்காகக் காத்திருப்பதும் தேவையற்றது. பால்வீதிக்கு இருட்டு வேண்டும்தான். கோடுகளுக்கோ பஞ்சமி நிலவு நல்லது, முன்னாலுள்ள பாறையும் மரமும் துலங்கும்.

மலைகளில் நள்ளிரவுக்குப் பின் லென்ஸில் பனி படியும். துடைத்தால் கேமரா அசையும், கோடு முறியும். பவர் பேங்கில் இயங்கும் சூடேற்றிப் பட்டையை மாலையிலேயே லென்ஸில் சுற்றிவிடுவது மேல். ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போகிறவர்கள் டார்ச்சையும் வண்டி விளக்கையும் அடக்கி வைக்கவேண்டும். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

மூட்டை கட்டுமுன் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில், அதே 30 விநாடியில் பத்துப் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை அடுக்கும்போது சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க அவை உதவும்.