2147483647 பகா எண்தானா? சோதிக்கும்போது எல்லாரும் சறுக்கும் இடங்கள்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஜாவா மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், இன்ட் (int) என்ற முழு எண் வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பகா எண்ணும்கூட.

இதைச் சோதிக்கச் சொன்னால் சிலர் 2-இல் தொடங்கிக் கடைசிவரை வகுத்துக்கொண்டே போவார்கள். தேவையே இல்லை, வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை பார்த்தால் போதும், அதற்கு மேல் ஒரு காரணி இருந்தால் அதன் ஜோடி கீழேயே மாட்டியிருக்கும். சரி, இது தெரிந்தவர்களும் விழும் குழி ஒன்று இருக்கிறது. வகுக்கும் எண்ணின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டாதவரை லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) ஓடட்டும் என்று எழுதிவிடுகிறோம். 46,341-இன் வர்க்கம் 2147488281, இன்ட்டில் அடங்காது, சுற்றிக்கொண்டு மைனஸில் போய் நிற்கும். இன்ட்டில் எந்த மதிப்பு வந்தாலும் அதன் உச்சவரம்பைத் தாண்டப் போவதில்லை, அதனால் அந்த நிபந்தனையால் லூப் நிற்கவே நிற்காது, இருநூறு கோடிக்கு மேல் சுற்றி, கடைசியில் அந்த எண் தன்னையே மீதியில்லாமல் வகுத்து, 'பகு எண்' என்று பதில் வரும்! நான் இதில் மாட்டியபோது கொஞ்ச நேரம், இதைப் பகா எண் என்று சொன்ன கணித மேதை ஆய்லரையே சந்தேகப்பட்டேன். வர்க்கத்தை, இன்ட்டை விடப் பெரிய எண்கள் அடங்கும் லாங் (long) வகையில் கணக்கிடுங்கள், தீர்ந்தது.

1772-இல் இதைப் பகா எண் என்று அறிவித்த ஆய்லர், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், எல்லா எண்ணாலும் வகுத்துக்கொண்டிருக்கவில்லை. இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று கண்டுபிடித்து, சோதிக்க வேண்டியவற்றை நூற்றுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம் இன்னொரு சறுக்கல், 31 பகா எண் என்பதால்தான் இதுவும் பகா எண் என்று நினைப்பது. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது: 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047, அது 23 × 89. கணித அறிஞர் மெர்சென் 1644-இல் தந்த, இப்படிப் பகா எண் தரும் அடுக்குகளின் பட்டியலில் 67-ஐத் தவறாகச் சேர்த்துவிட்டார். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்த எண்ணின் காரணிகளை (193707721, 761838257287) கணித அறிஞர் கோல் 1903-இல்தான் காட்டினார்.

ஃபெர்மா சோதனையை (ஓர் அடி எண்ணை, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) 2-ஐ அடியாக வைத்துப் போடுகிறவர்களும் உண்டு. மெர்சென் எண்களுக்கு, அதாவது 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைத்த எண்களுக்கு, இது வெறும் வேஷம்! அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2047 உட்பட எல்லாமே பாஸ். அடியை 3 என்று வையுங்கள், 2047 உடனே மாட்டிக்கொள்ளும்.

சந்தேகமற்ற விடை வேண்டுமென்றால் லூக்கா–லேமர் சோதனைதான்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, நம் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு 29 முறை செய்தால் பூஜ்யம் வரும். இதிலும் லாங் வேண்டும். அடுக்கு 2-க்கு மட்டும் இதைப் போடாதீர்கள், 3 பகா எண் இல்லை என்று சொல்லிவிடும்.