சிறு லீக் ஐஸ் ஹாக்கி வீரரின் ஆட்டக் கணக்கை வாசிப்பது எப்படி

சென்னை லீக் கிரிக்கெட்டில் பல ஆண்டுகள் ஸ்கோர் புத்தகம் எழுதியவன் நான். ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே நிற்கும் எண்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாமல் விடும் என்பது எனக்கு அத்துப்படி என்று நம்பியிருந்தேன். டொராண்டோவில் வளர்ந்த என் தங்கை மகன் அமெரிக்காவில் ஈ.சி.எச்.எல். என்னும் லீக்கில் ஐஸ் ஹாக்கி ஆடத் தொடங்கி, அவனுடைய ஆட்டக் கணக்கை இணையத்தில் முதன்முறையாகத் திறந்து பார்த்த அன்றுதான், அந்த நம்பிக்கை கிரிக்கெட்டோடு நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. ஒரே பருவத்துக்கு மூன்று வரிகள் இருந்தன. "ஒரு வருஷத்துல மூணு இடம்னா, வெளியே அனுப்பிட்டாங்களா?" என்று மாம்பலத்தில் என் அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெளிநாட்டில் இந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட பிள்ளை உங்கள் குடும்பத்திலும் இருந்தால், அந்தக் கணக்கை எந்த வரிசையில், எப்படி வாசிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வட அமெரிக்க ஹாக்கி லீக்குகளின் படிநிலையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். உச்சியில் 32 அணிகள் கொண்ட என்.எச்.எல். இருக்கிறது. அதற்கு அடுத்த படியான ஏ.எச்.எல். 1936-இல் தொடங்கியது, அதிலும் 32 அணிகள் உள்ளன, ஒவ்வொன்றும் ஒரு என்.எச்.எல். அணியோடு இணைந்தது. மூன்றாம் படி 1988-இல் தொடங்கிய ஈ.சி.எச்.எல்.; அதற்கும் கீழே, 2004 முதல் நடந்துவரும் எஸ்.பி.எச்.எல். போன்றவை இருக்கின்றன. இதை நம் ஊர் லீக்கின் டிவிஷன்களோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஓர் இடத்தில் அந்த ஒப்புமை நம்மைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். இங்கே கடைசி இடத்துக்கு வரும் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்குகிறது, முன்னணியில் முடித்த அணி மேலே போகிறது. வட அமெரிக்க ஹாக்கியில் எந்த அணியும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஏறி இறங்குபவர் வீரர் மட்டுமே, அதுவும் பருவத்தின் நடுவே, சில சமயம் ஒரே வாரத்தில் இரண்டு முறை. ஆகவே ஒரு பருவத்துக்குப் பல வரிகள் இருப்பதைக் கண்டதும் கவலைப்பட வேண்டியதில்லை; அந்த வரிகள் எந்தெந்த லீக்கைச் சேர்ந்தவை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, கோல் எண்ணிக்கைக்குப் போகும் முன்னால் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிவதால்தான் ஆண்டை 2022-23 என்று இரட்டையாக எழுதுகிறார்கள். ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். இரண்டிலும் ஓர் அணிக்குப் பருவத்துக்கு 72 ஆட்டங்கள். என் மருமகனின் இரண்டாம் பருவத்தில் ஈ.சி.எச்.எல்.-இல் முதலில் ஓர் அணிக்கு 23, பிறகு வேறோர் அணிக்கு 18, இடையே ஏ.எச்.எல்.-இல் 9 என்று இருந்தது. மொத்தம் 50. மீதி 22 ஆட்டங்கள் எங்கே போயின என்று அட்டவணை சொல்லாது. கேட்டபோதுதான் தெரிந்தது: மேலே அழைக்கப்பட்டிருந்த நாட்களில் சில ஆட்டங்களுக்கு அவன் பெயர் களப் பட்டியலில் இல்லை, சட்டை மாற்றாமல் மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறான், ஜனவரியில் காறை எலும்பு முறிந்து ஐந்து வாரம் கட்டுப் போட்டிருந்திருக்கிறான். அதைத் தன் அம்மாவிடமே அவன் தாமதமாகத்தான் சொன்னான். மேலே அழைப்பு வந்ததாலும் கீழ் லீக்கில் ஆட்டங்கள் குறையும், அடிபட்டாலும் குறையும். அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு வீரரின் உழைப்பை எடைபோடுகிறவர் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எண்களைப் பொறுத்தவரை, கோலும் அசிஸ்டும் (சக வீரர் கோல் அடிக்கக் கொடுத்த உதவி) தலா ஒரு புள்ளி பெறும். ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்கு அசிஸ்ட் கிடைக்கும். தண்டனை நிமிடங்கள் என்ற பத்தியில் சிறு தவறுக்கு 2, கைகலப்புக்கு 5 எனச் சேர்ந்துகொண்டே போகும். அந்த எண் பெரிதாக இருப்பதால் அவர் முரடர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சக வீரருக்காகக் குறுக்கே நிற்பதையே தன் வேலையாக ஏற்றுக்கொண்டவருக்கும் அது பெரிதாகத்தான் இருக்கும். கோல்கீப்பருக்கு வேறு கணக்கு: கோலை நோக்கி வந்த 30 ஷாட்டுகளில் 27-ஐத் தடுத்தால் .900 என்று எழுதுவார்கள்.

இனி, எந்தப் பத்தியிலும் அச்சாகாத, ஆனால் ஒரு வீரரின் பிழைப்பைத் தீர்மானிக்கிற ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அது 260. ஏ.எச்.எல். அணி ஒன்று ஓர் ஆட்டத்துக்குக் கோல்கீப்பர்கள் நீங்கலாகக் களமிறக்கும் 18 பேரில் 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும் என்பதும், அந்த 13 பேரில் 12 பேர் 260-க்கு மேல் தொழில்முறை ஆட்டங்கள் ஆடாதவர்களாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஈ.சி.எச்.எல்.-இலும் 260 ஆட்டங்களைக் கடந்த மூத்தவர்களில் நால்வருக்கு மட்டுமே இடம். நம் ஊரில் அனுபவம் கூடக் கூட மதிப்பும் கூடும். அங்கேயோ 27, 28 வயதில், ஆட்டம் நன்றாகக் கைவந்திருக்கும் நேரத்தில், அவருக்கான இடங்கள் சுருங்கத் தொடங்குகின்றன. எனவே எல்லாப் பருவங்களின் ஆட்டங்களையும் ஒரு தாளில் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் 200-ஐத் தாண்டியிருந்தால், அவர் ஏன் திடீரென்று ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ போனார் என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும். 2003-இல் தொடங்கிய பிரிட்டனின் எலீட் லீக்கில் சில அணிகள் ஆட்டத்தோடு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கும் வழி செய்து தருகின்றன. அதைத் தேர்ந்தெடுப்பவரைத் தோற்று ஊர் மாறினவர் என்று சொல்வது அநியாயம்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக: சிலருக்கு என்.எச்.எல்.-இல் இருக்கும் நாளுக்கு ஒரு சம்பளம், கீழே இருக்கும் நாளுக்கு வேறு சம்பளம். ஏ.எச்.எல்.-க்கு 25 ஆட்டங்கள் வரையிலான பரிசோதனை ஒப்பந்தத்தில் போய்வருபவர்களும் உண்டு. வரியில் ஒற்றை இலக்க ஆட்டங்கள் இருந்தால் அதுவாகவும் இருக்கலாம். ஈ.சி.எச்.எல்.-இல் வாரச் சம்பளம், தங்குமிடம் அணியின் பொறுப்பு. கோடையில் வேறு வேலை பார்ப்பவர் பலர்.

என்.எச்.எல்.-ஐ எட்டாத வாழ்க்கை வீண் என்று எண்ணுபவர்களுக்கு நான் ராபின் பாவாவின் பெயரைச் சொல்வது வழக்கம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த அவர், என்.எச்.எல்.-இல் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர். 1989-இல் வாஷிங்டன் அணிக்காகக் களமிறங்கினார். என்.எச்.எல்.-இல் அவர் ஆடியது மொத்தம் 61 ஆட்டங்கள். அவருடைய தொழில்முறை ஆண்டுகளின் பெரும்பகுதி சிறு லீக்குகளில்தான் கழிந்தது. அந்த நீண்ட வரிகளைத் தவிர்த்துவிட்டு 61-ஐ மட்டும் வாசித்தால், அவர் எதைச் செய்து பிழைத்தார் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆட்டத்தை நேரடியாகப் பின்தொடர விரும்பினால் நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் வெள்ளி இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் சென்னையில் சனிக்கிழமை காலை 5.30 மணி; மார்ச் நடுவிலிருந்து 4.30. இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள், இடைவேளைகளோடு எட்டு மணிக்குள் முடிந்துவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவும் தொடர்ந்து ஆட்டம் இருக்கும் வாரங்கள் உண்டு, நடுவே இரவெல்லாம் பேருந்துப் பயணம். அந்த வாரங்களில் திங்கட்கிழமை வரை அவரைத் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அந்த அட்டவணையைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். வலப்புறம் "குறிப்பு" என்று ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டு வையுங்கள். ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் மழையையும் காயத்தையும் நாங்கள் எழுதி வைப்பது போல, அழைப்பு வந்த நாள், அடிபட்ட இடம், எந்த இருவரோடு சேர்ந்து ஆடினார் என்பதையெல்லாம் அங்கே நிரப்ப வேண்டும். "எப்போது மேலே போவாய்" என்று கேட்டால் அந்தப் பத்தியில் எழுத எதுவும் கிடைக்காது. "நேற்று யாரோடு ஆடினாய்" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள். என் நோட்டில் 9 ஆட்டங்கள் என்ற வரிக்கு நேரே, அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: "முதல் ஆட்டம். ஆறு நிமிடம் ஐஸில். அம்மா வந்திருந்தாள்."