டெட்ரா பேக்கில் டிஎஸ் லீக்: பவரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

200 மில்லி ஜூஸ் பேக் ஒழுகுகிறது என்றதும் முதலில் கை போகும் இடம், சீலுக்குச் சூடு தரும் பவர் செட்டிங். கொஞ்சம் ஏற்றினால் லீக் நின்றுவிடும், அடுத்த ஷிஃப்டில் வேறு மூலையில் தொடங்கும். குறுக்கு சீலில், அதாவது டிஎஸ்ஸில், பவர் கடைசியாகத் தொட வேண்டிய சங்கதி. அட்டை ரோல் மாட்டுவது, அதைக் குழாயாக வளைத்து டியூப் ஓட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக லீக்குக்கு வருகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பேக்கின் உள்பக்கமிருந்து வெளியே போனால் பாலித்தீன், 6 மைக்ரானுக்குச் சற்று மேல் தடிமனுள்ள அலுமினியம், ஒட்டுப் பாலித்தீன், அட்டை, அச்சு, மேலே மெல்லிய பாலித்தீன். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவது போல, டியூபைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் தாடையான ஜாவில் உள்ள இண்டக்டர் அலுமினியத்தைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் உள் பாலித்தீன் உருகி எதிர்ப்பக்கத்தோடு ஒன்றாகிறது. டியூப் ஜூஸால் நிறைந்திருக்கும்போதே இது நடக்கிறது. ஆகவே சீல் பரப்பிலிருந்து ஜூஸைப் பிதுக்கி வெளியே தள்ளுவது அழுத்தத்தின் வேலை, பவரின் வேலை அல்ல.

1. எந்த ஜா என்று கண்டுபிடியுங்கள்

தொடர்ச்சியாக எட்டு பேக் எடுத்து, வரும் வரிசையிலேயே எண் போடுங்கள். இரண்டு ஜோடி ஜா உள்ள மெஷினில் ஒன்றுவிட்டு ஒன்று ஒழுகினால் கோளாறு அந்த ஒரு ஜாவில்தான் இருக்கிறது. அதற்காகப் பொதுவான எதையும் மாற்றாதீர்கள். எல்லாவற்றிலும் ஒழுகினால் ரோல், குளிர்நீர், ஜூஸ், பவர் என்று தேடலாம்.

2. உப்புத் தண்ணீர் சோதனை

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். மூலைக் காதுகளை மெதுவாகப் பிரித்து நிமிர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் மடிப்பில் உள் பாலித்தீன் கீறி, இல்லாத லீக்கை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பேக்கை நடுவில் வெட்டி இரண்டு கிண்ணமாக்கி, கழுவி, துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு. கிண்ணத்துக்குள் பாதி ஊற்றி, அதே கரைசல் உள்ள தட்டில் நிறுத்துங்கள். உள்ளே ஒரு முனை, தட்டில் ஒரு முனை. 9 வோல்ட் பேட்டரி, தொடரில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு மில்லிஆம்ப் மீட்டர் இருந்தால் போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பெட்டி ஆரம்பத்தில் தேவையில்லை.

முள் அசையவில்லை என்றால் உள் பாலித்தீன் முழுசாக இருக்கிறது. அசைந்தால்? வெட்டிய விளிம்பைப் பாருங்கள். வெட்டுவாயில் அட்டை திறந்து கிடக்கிறது, அலுமினியமும் தலைகாட்டுகிறது. அங்கே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் பட்டாலும் கரண்ட் ஓடும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் விளிம்பு இரண்டு சென்டிமீட்டராவது உலர்ந்து நிற்க வேண்டும். விளிம்பைத் துடைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஓடினால், உள் பாலித்தீனில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பேக் ஒழுகுகிறதா, ஒழுகினால் எங்கே என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குச் சாயம் வேண்டும்.

3. சாயம்

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஒரு சிட்டிகை ரோடமின் பி. 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்கே தடை வரக் காரணமான அதே சாயம்தான். எனவே கையுறை போட்டு லேபில் மட்டும் செய்யுங்கள், ஃபில்லிங் ஹாலுக்குள் பாட்டிலைக் கொண்டுபோகவே கூடாது. ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கிண்ணத்தை நன்றாக உலர்த்திய பிறகு சீல் ஓரமாகச் சில மில்லி ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, வடித்து, உலர்த்தி, சீலைப் பிரியுங்கள். ஈரம் இருந்தால் ஓட்டைக்குள் நிற்கும் தண்ணீர் சாயத்தை உள்ளே விடாது, லீக் இருந்தும் தப்பிவிடும். சிவப்புக் கோடு உள் ஓரத்தோடு நின்றால் பரவாயில்லை. சீலின் வெளி விளிம்பு வரை ஓடியிருந்தால் அதுதான் லீக்.

பிரிக்கும்போது சீல் எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல சீலில் பாலித்தீன் இழுபட்டு, அட்டை நாரோடு கிழியும். ஸ்டிக்கர் உரிவது போல வழுவழுவென்று வந்தால் அது குளிர்ந்த சீல், அதாவது சூடு போதாத சீல். உள் ஓரத்தில் பாலித்தீன் கட்டி, குமிழி, அலுமினியத்தில் விரிசல், பழுப்பேறிய அட்டை ஆகியவை சூடு அதிகம் என்பதற்கு அடையாளம்.

4. நீள சீல் கடக்கும் இடம்

சாயக் கோடு பெரும்பாலும் நீள சீலான எல்எஸ், டிஎஸ்ஸைக் குறுக்கே கடக்கும் இடத்தில்தான் தெரியும். மற்ற இடங்களில் இரண்டு அடுக்கு அட்டை, இங்கே மட்டும் மூன்று, கூடவே நீள சீலை உள்பக்கமிருந்து மூடும் பாலித்தீன் நாடாவான ஸ்ட்ரிப். அந்தப் படிக்கட்டின் ஓரத்தில் பாலித்தீன் பாய்ந்து நிரம்பாவிட்டால் மயிரிழை அளவில் ஒரு வாய்க்கால் மிஞ்சும். ஸ்ட்ரிப் இரண்டு விளிம்பிலும் ஏறக்குறைய சமமாகப் படிந்திருக்கிறதா, ஒரு விளிம்பு மற்றதன் மேல் ஏறும் ஓவர்லேப், மேனுவலில் உள்ள அளவில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். டியூப் முறுகினால் ஸ்ட்ரிப் ஒரு பக்கம் ஒதுங்கும். அதை டிஎஸ் பவரால் சரிசெய்ய முடியாது.

5. ரப்பரும் இண்டக்டரும்

மெயினை அணைத்துப் பூட்டுங்கள், காற்றழுத்தத்தை இறக்குங்கள், அதன் பிறகே ஜாவுக்குள் கை. எதிர்ஜாவில் உள்ள பிரஷர் ரப்பரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஓவர்லேப் வந்து விழும் இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். இன்னொரு வாரம் ஓடும் என்று வைத்திருப்பது கஞ்சத்தனம். ரப்பரின் விலை ஒரு பேலட் ஜூஸ் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு ஜாவில் மாற்றினால் ஜோடி ஜாவிலும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் அழுத்தம் வேறுபடும்.

இண்டக்டர் முகத்தில் ஒட்டிய பாலித்தீனை மரக் குச்சியால் சுரண்டி எடுத்து, ஆல்கஹால் துணியால் துடையுங்கள். பிளேடு, உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். நடுவில் ஓடும் சன்ன வரம்புதான் ஜூஸைப் பிதுக்குகிறது. அது மழுங்கினால் இண்டக்டரின் கதை முடிந்தது. வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் சேர்த்து, பவர் இல்லாமல் ஜாவை மூடித் திறந்தால், அழுத்தம் விழாத இடம் வெளுத்துத் தெரியும்.

குளிர்நீரையும் விடாதீர்கள். உருகிய பாலித்தீன் ஜா மூடியிருக்கும்போதே இறுக வேண்டும். கடின நீரால் குழாயில் உப்புப் படிந்து ஓட்டம் குறைந்தால், சூடாகவே விடுபட்டு சீல் வாய் பிளக்கும். பார்க்கக் குளிர்ந்த சீல் மாதிரியே இருக்கும், பவர் ஏற்றினால் இன்னும் மோசமாகும்.

6. இப்போது பவர்

ஒரு சின்னப் படியாகக் குறைத்துக்கொண்டே போய், சீல் வழுவழுவென்று உரியத் தொடங்கும் எண்ணைக் குறியுங்கள். பிறகு ஏற்றிக்கொண்டே போய், கட்டியும் குமிழியும் வரும் எண்ணைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் எல்லா ஜாவிலிருந்தும் இரண்டு பேக்காவது பிரித்துப் பார்க்க வேண்டும். சோதனையில் வந்த பேக் எதுவும் விற்பனைக்குப் போகக் கூடாது. இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் மேலே 5-ஆம் பகுதியில் சொன்னதில் எதையோ விட்டுவிட்டீர்கள்.

பின்னர் சேர்த்தவை

மாம்பழ ஜூஸில் மட்டும் லீக் என்றால் நாரைச் சந்தேகியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா எனப்படும் தோத்தாபுரிக் கூழானாலும் வேறு எதுவானாலும், ஒரு நார் சீலுக்குக் குறுக்கே படுத்தால் சாயம் அதன் வழியே ஓடும். வடிகட்டியையும், கூழை நுணுக்கும் ஹோமோஜினைசரையும் பாருங்கள்.

குளிர் கிடங்கிலிருந்து வந்த ரோலை ஒரு நாள் ஹால் சூட்டில் வைத்த பிறகு, உறை பிரித்து மாட்டுங்கள். ஈரம் ஏறிய அட்டை சீலில் நீராவியாகிக் குமிழி விடும்.

அலுமினியம் இல்லாத அட்டைக்கு இந்தப் பவர் கணக்கு பொருந்தாது. சூடாக உள்ளே உலோகமே இல்லை என்பதால், வெப்பக் காற்று, அல்ட்ராசோனிக் போன்ற வேறு வழிகளில்தான் அதை சீல் செய்கிறார்கள்.