ஒரு வசனம் முன்னால் நிறுத்தினால் வரும் வினை: கிறிஸ்தவத் திருமணத்தில் தவிர்க்க வேண்டிய தவறான புரிதல்கள்

திருமண ஆயத்த வகுப்புக்கு வந்த ஓர் இளைஞர் தன் வேதாகமத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். எபேசு சபைக்குப் பவுல் எழுதிய நிருபம், எபேசியர் 5ஆம் அதிகாரம். 22ஆம் வசனத்துக்கு மட்டும் மஞ்சள் மை, அதுவும் தாளின் மறுபக்கம் ஊறித் தெரிகிற அளவுக்கு. "மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப்புருஷருக்கும் கீழ்ப்படியுங்கள்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அந்த மஞ்சளைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். "இதுக்கு முந்தின வசனத்தைப் படிங்க தம்பி" என்றேன். படித்தார். "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கிறிஸ்தவத் திருமணத்தின் ஆன்மிகப் பொருளில் நாம் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு வசனம் தள்ளி ஆரம்பித்திருப்போம், அல்லது ஒரு வசனம் முன்னாலேயே நிறுத்தியிருப்போம்.

எபேசியரையே எடுத்துக்கொள்வோம். சில பதிப்புகளில் 21க்கும் 22க்கும் நடுவே ஓர் உபதலைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பவுல் எழுதியதில் தலைப்பும் இல்லை, வசன எண்ணும் இல்லை. கிரேக்கத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்கென்று தனியாக ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. "கீழ்ப்படிதல்" என்பதை 21இலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். அதாவது, ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதை விட்டுவிட்டு மனைவியின் கீழ்ப்படிதலை மட்டும் தனியே உருவி எடுத்தால் வாக்கியமே நிற்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. மனைவிகளுக்கு எழுதியது மூன்று வசனம். கணவர்களுக்கு எழுதியது ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு. அதில் என்ன இருக்கிறது? "கிறிஸ்துவும் சபையில் அன்புகூர்ந்து", அதற்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல நீயும் செய் என்கிறது. கிறிஸ்து எப்படி ஒப்புக்கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்: சிலுவையில். "கணவன் தலை" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் முடிவெடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தத் தலையில் முள்முடி இருந்ததை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பவுலின் காலத்து ரோம வீட்டில் குடும்பத் தலைவனிடம் மனைவிக்காக உயிரைக் கொடு என்று சொல்வது சாதாரணப் பேச்சில்லை.

அடுத்தது ஆதியாகமத்தில் வரும் "ஏற்ற துணை". இதை உதவியாள் என்று படித்து, அங்கிருந்து சமையலறைக்குப் போய்விடுகிறவர்கள் பலர். எபிரெயத்தில் அந்தத் துணைக்கான சொல் ஏசெர். சங்கீதம் 121இல் "கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்" என்று படிக்கிறோமே, அந்த ஒத்தாசையும் இதே சொல்தான். கடவுளுக்கே வழங்கும் ஒரு சொல்லை எடுபிடி என்று எப்படிப் படிக்க முடியும்?

கட்டில் விஷயத்திலும் இதே கதை. மனைவியின் சரீரத்துக்குப் புருஷனே அதிகாரி என்று 1 கொரிந்தியர் 7ஐக் காட்டுகிறவர்கள், அதே வசனத்தின் பின்பாதியைச் சொல்வதில்லை. "அப்படியே புருஷனும்" தன் சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதிகாரி என்று அது முடிகிறது. அடுத்த வசனத்தில் பவுல் இருவரின் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறார்.

"தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்." இதைத் தவறாகப் பயன்படுத்துவதைப் போல வலிக்கும் தவறு வேறு இல்லை. மத்தேயு 19இல் இயேசு இதை யாரிடம் சொன்னார்? எந்தக் காரணத்துக்காகவும் ஒருவன் தன் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டு வந்த ஆண்களிடம். மோசே அனுமதித்தாரே என்று அவர்கள் மடக்கியபோது, அது உங்கள் இருதயகடினத்தினால்தான் என்றார். நினைத்தபோது தூக்கியெறியப்பட்ட பெண்களின் பக்கம் நின்று சொன்ன சொல் அது. அதையே அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் நீட்டி, "பொறுத்துக்கோம்மா, கர்த்தர் இணைச்சது" என்று திருப்பி அனுப்புகிறோம். திருமண பந்தத்தை அழிக்க முடியாதது என்று மிகக் கறாராகச் சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்திலேயே, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ இடம் இருக்கிறது. வன்முறையில் உடன்படிக்கையை உடைத்தவர் அடித்தவர்தான், தப்பித்து வெளியே வந்தவர் அல்ல.

திருமண அழைப்பிதழ்களில் வரும் வசனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்" என்று ரூத் சொன்னது கணவனிடம் அல்ல, மாமியார் நகோமியிடம். "முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது" என்ற பிரசங்கியின் வரி பொதுவாக மனிதர்களுக்குள் உள்ள தோழமையைப் பற்றியது. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்ற 1 கொரிந்தியர் 13, கட்சி கட்டிச் சண்டை போட்ட ஒரு சபைக்கு எழுதியது. இவற்றை அழைப்பிதழில் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டைக்காரர்களுக்கு எழுதியது என்று தெரிந்து படித்தால், மூன்றாம் வருடத்தில் அது இன்னும் கூடுதலாகவே உதவும்.

திருமணம் திருவருட்சாதனமா (ஞானஸ்நானம் போல, கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கா) இல்லையா என்று சபைக்குச் சபை மாறுவதைப் பார்த்து, ஒரு தரப்புக்குத் திருமணம் புனிதம், மறுதரப்புக்கு வெறும் ஒப்பந்தம் என்று நினைப்பதும் தவறு. "இந்த இரகசியம் பெரியது" என்று பவுல் எழுதிய இடத்தில் கிரேக்கச் சொல் மிஸ்டேரியோன். லத்தீன் வேதாகமத்தில் அது சாக்ரமெந்தும் ஆனது. அந்தச் சொல்லை வைத்துத் திருமணத்தைத் திருவருட்சாதனம் என்பது சரியில்லை என்று 1520இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதினார். ஆனால் அவர் திருமணத்தை மட்டமாக நினைக்கவில்லை. 1525இல் முன்னாள் கன்னியாஸ்திரி கத்தரீனா ஃபொன் போராவை மணந்து, குடும்ப வாழ்க்கையையே விசுவாசத்தின் பள்ளிக்கூடமாகப் பார்த்தார். கத்தோலிக்க லத்தீன் மரபில் அந்தச் சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்களே, குரு திருச்சபையின் சார்பில் சாட்சியாக நிற்கிறார். ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைத் திருச்சபைகளிலோ குருவின் ஆசீர்வாதம் இன்றி மணம் நிறைவேறாது. அங்கே மணமக்களுக்கு முடி சூட்டுவார்கள். அது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த இரத்தசாட்சிகளின் முடியையும் நினைவூட்டும் என்பது மரபு. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

கல்யாணம் ஆனால்தான் ஆள் முழுமை என்ற எண்ணம் சபைகளில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. முப்பதைத் தாண்டிய ஒருவரைப் பார்த்தாலே "உனக்காக ஜெபிக்கிறோம்" என்கிறோம், அவருக்கு ஏதோ நோய் போல. இயேசு மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாமல் இருப்பதையும் பவுல் வரம் என்றே சொல்கிறார். "ஒரே மாம்சம்" என்பது இரண்டு பாதிகளை ஒட்டும் வேலை அல்ல. இரண்டு முழு மனிதர்கள் செய்யும் உடன்படிக்கை அது.

திருமணம் தன்னைத் தாண்டி எதையோ சுட்டிக்காட்டுகிறது என்பதுதான் பவுல் சொன்ன இரகசியம். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் ஆட்டுக்குட்டியானவருடைய, அதாவது கிறிஸ்துவினுடைய, கலியாணம் வருகிறது. நம் வீட்டுக் கல்யாணங்கள் அதற்கான கைகாட்டி. ஊர் வந்து சேர்ந்தபின் கைகாட்டிக்கு வேலை இல்லை. அதனால்தான் ஏழு சகோதரரை மணந்த பெண்ணைப் பற்றிச் உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் கேட்டபோது, உயிர்த்தெழுதலில் "கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை", அதாவது பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை, என்றார் இயேசு.

இதை ஒருமுறை விளக்கி முடித்ததும், கணவரை இழந்த ஒரு பெரியம்மா என்னிடம் வந்தார். "அப்போ அங்கே அவர் எனக்கு யாரு தம்பி?" என்றார். கல்யாணம் இல்லை என்றுதான் இயேசு சொன்னார், அடையாளம் தெரியாது என்று சொல்லவில்லையே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. தெரிஞ்சாப் போதும். நாற்பது வருஷத்துல ஒரு சண்டை மட்டும் பேசி முடிக்காம பாக்கி இருக்கு."