டிராஃப்ட் விவாதத்தில் இறங்குவதற்கு முன்: ஓர் அணியின் தேவையைக் கணக்கிடும் முறை

2020ஆம் ஆண்டுப் பருவத்தை 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமநிலை என்று முடித்த சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு, 2021 ஏப்ரலில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணியிலிருந்து தொடங்கி அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஐந்தாவது தேர்வு கிடைத்தது. அணியின் இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோ பர்ரோ முந்தைய நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தின் பாதியிலேயே வெளியேறியிருந்தார். அவரைக் காக்க ஆரிகன் பல்கலைக்கழகத்து டேக்கிள் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) பெனே சுவெலை எடுப்பதா, எல்எஸ்யூவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பர்ரோவோடு சேர்ந்து ஆடிய ரிசீவர் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸை எடுப்பதா என்ற கேள்வியில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஓர் அணியின் டிராஃப்ட் முன்னுரிமைகளை எப்படி விவாதிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை என்பதால், முறையை இந்தச் சான்றின் வழியாகவே விளக்குகிறேன்.

விவாதத்தில் வாயைத் திறப்பதற்கு முன் அணியின் வீரர் பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுத வேண்டும். பருவத்தின்போது ஓர் அணி 53 வீரர்களை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் அனைவரையும் எழுதத் தேவையில்லை. தொடக்க ஆட்டக்காரர்களையும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களையும் எழுதினால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அவர் காயமடைந்தால் அடுத்து இறங்குபவர் யார் என்ற மூன்றையும் குறிக்க வேண்டும். “எங்கள் லைன் பலவீனமானது” என்று, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதற்கும், இந்தத் தாளைப் பார்த்துப் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. 2021 வசந்தத்தில் பெங்கால்ஸ் அணிக்கு இப்படி எழுதியிருந்தால், இடது டேக்கிள் இடத்தில் 2019இல் பதினொன்றாவது தேர்வாக வந்த ஜோனா வில்லியம்ஸ் இருப்பார். வலது பக்கத்தில் அந்த மார்ச்சில்தான் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ரைலி ரீஃப் இருப்பார். ரிசீவர்களில் டைலர் பாய்டும் டீ ஹிக்கின்ஸும் இருக்க, நீண்ட காலம் அணியின் முதன்மை ரிசீவராக விளங்கிய ஏ.ஜே. கிரீன் அரிசோனாவுக்குப் போய்விட்டதால் மூன்றாவது இடம் காலியாகவே இருக்கும். அதாவது, அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் பார்த்தால் டேக்கிள் இடங்கள் இரண்டிலும் ஆள் இருந்தது. அதற்கடுத்த ஆண்டுக்குப் பார்த்தால் வலது பக்கம் வெறுமையாக இருந்தது. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் “தேவை” என்ற சொல்லைப் பயன்படுத்தினால், இரு தரப்பும் சரியாகவே பேசிக்கொண்டு ஒருபோதும் சந்திக்காமல் போகும்.

ஆண்டைக் குறிப்பிடாத விவாதம் எப்படிக் கசந்துபோகும் என்பதற்கு 2020இல் கிரீன் பே பேக்கர்ஸ் செய்த தேர்வு சான்று. இறுதிக்கு முந்தைய ஆட்டம்வரை போய்த் தோற்றிருந்த அந்த அணி, ஆரன் ராட்ஜர்ஸுக்கு ஒரு ரிசீவரைக் கொடுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, முதல் சுற்றில் முன்னேறிச் சென்று 26ஆவது தேர்வில் ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அந்த டிராஃப்ட் முழுவதிலும் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை. ராட்ஜர்ஸ் அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். லவ் 2023இல்தான் தொடக்க ஆட்டக்காரரானார். பருவம் தொடங்கும் அடுத்த செப்டம்பரை மனத்தில் வைத்துப் பேசியவர்களுக்கு அது வீணான தேர்வாகவும், மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் பார்த்தவர்களுக்கு முன்யோசனையாகவும் தோன்றியது இயல்பே.

அடுத்து, எந்தத் தேவையை மார்ச்சில், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் கிடைக்கும் வெளிச்சந்தையில் பணம் கொடுத்து நிரப்பலாம், எதை ஏப்ரலில் டிராஃப்டில்தான் நிரப்ப முடியும் என்று பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 27.92 கோடி டாலராக இருந்தது. டிராஃப்டில் வரும் வீரரின் ஊதியமோ, 2011இல் வீரர்கள் சங்கத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பின், அவர் எத்தனையாவது தேர்வு என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது: நான்கு ஆண்டுகள், முதல் சுற்று வீரர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. எந்த நிலையில் ஆடினாலும் அதே தொகைதான். எனவே சந்தையில் மிக விலையுயர்ந்த நிலைகளை முதல் சுற்றில் எடுத்தால் மிச்சமாகும் பணம் அதிகம். சேஸின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்குச் சுமார் 3.1 கோடி டாலர். 2025 மார்ச்சில் அவர் கையெழுத்திட்ட அடுத்த நான்கு ஆண்டு ஒப்பந்தம் 16.1 கோடி டாலர். இந்த இடைவெளியைக் காட்டாமல் ரிசீவருக்காக வாதாடுகிறவர், தம் தரப்பின் மிக வலிமையான ஆயுதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். இடது டேக்கிளும் விலையுயர்ந்த நிலைதான் என்பதால், சுவெல் தரப்புக்கும் இதே கணக்கு உதவும். லைனின் நடுப்பகுதியில் ஆடும் கார்டு, சென்டர், பந்தோடு ஓடும் பின்கள வீரர் ஆகியோருக்காக முதல் பத்துத் தேர்வுகளில் ஒன்றைக் கேட்பவருக்குத்தான் இது இடைஞ்சல்.

இனி, நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதும் விதிக்கு வருகிறேன். ஒரு வீரரை இன்னொரு வீரரோடு ஒப்பிடாதீர்கள். ஓர் இணையை இன்னோர் இணையோடு ஒப்பிடுங்கள். அணிக்கு ஒரே ஒரு தேர்வு மட்டும் இருப்பதில்லை, ஏழு சுற்றுகள் இருக்கின்றன. ஆகவே பெங்கால்ஸ் ரசிகர் எதிர்கொண்ட உண்மையான கேள்வி “சேஸா, சுவெலா” என்பதன்று. “சேஸும் இரண்டாம் சுற்றில் கிடைக்கும் லைன் வீரரும் சேர்ந்தால் நல்லதா, சுவெலும் இரண்டாம் சுற்றில் கிடைக்கும் ரிசீவரும் சேர்ந்தால் நல்லதா” என்பதே அந்தக் கேள்வி. இதற்கு விடை சொல்ல, இரண்டாம் சுற்றுவரை எந்த நிலையில் தரமான வீரர்கள் மிஞ்சியிருப்பார்கள் என்று அந்த ஆண்டின் வரிசையை ஆராய வேண்டியிருக்கிறது. 2021இல் லைன் வீரர்கள் அங்கே நிறையவே இருந்தார்கள். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 63ஆவது தேர்வில் எடுத்த சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி பின்னர் லீகின் முதல்தரச் சென்டர்களில் ஒருவரானார். அதே அணி ஆறாம் சுற்றில் எடுத்த டிரே ஸ்மித் முதல் ஆண்டிலேயே தொடக்கக் கார்டாக ஆடினார்.

இந்த இடத்தில் பெங்கால்ஸ் என்ன செய்தது என்பதைக் கிட்டத்தில் பார்ப்பது பயன் தரும். ஐந்தாவது தேர்வில் சேஸை எடுத்த அணி, இரண்டாம் சுற்றில் தன்னிடம் இருந்த 38ஆவது தேர்வை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து 46, 122, 139 ஆகிய மூன்றையும் வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பயன்படுத்திய, ஒவ்வொரு தேர்வுக்கும் புள்ளி தரும் மதிப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டால், முதல் தேர்வுக்கு 3,000 புள்ளிகள், 38க்கு 520, 46க்கு 440, 122க்கு 50, 139க்கு 36.5. கூட்டிப் பார்த்தால் கொடுத்தது 520, வாங்கியது 526.5; பட்டியலின்படி இது நியாயமான வணிகம். ஆனால் அணியின் தேவை என்னவென்று பட்டியலுக்குத் தெரியாது. 39இல் டெவன் ஜென்கின்ஸ், 42இல் லியம் ஐக்கன்பெர்க், 45இல் வாக்கர் லிட்டில் என்று மூன்று டேக்கிள்கள் அந்த இடைவெளியில் போய்விட, 46இல் பெங்கால்ஸ் எடுத்த ஜாக்சன் கார்மன் தொடக்க ஆட்டக்காரராக நிலைக்கவே இல்லை. அந்த மூவரில் யாரை எடுத்திருந்தாலும் லைன் சீராகியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. ஐக்கன்பெர்க் மயாமியில் சிரமப்பட்டார், ஜென்கின்ஸுக்கு முதல் ஆண்டிலேயே முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. தேர்வை விற்றுப் பின்வாங்கும்போது, எத்தனை புள்ளிகள் கிடைத்தன என்பதோடு, நமக்கு வேண்டிய நிலையில் எத்தனை பெயர்கள் கைநழுவின என்பதையும் எண்ண வேண்டும் என்பதே என் வாதம். சேஸ் விவாதத்தில் செலவான சொற்களில் பத்தில் ஒரு பங்குகூட இந்த இரண்டாம் சுற்றுக்கு அன்று செலவாகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

வீரர்களின் தரத்தைப் பற்றி வாதாடும்போது தொகுப்புக் காணொளிகளை நம்ப வேண்டாம். ஒரு முழு ஆட்டத்தையாவது பாருங்கள். டேக்கிளை மதிப்பிட, பந்து கைமாறியதும் பந்தைப் பின்தொடராமல் அவருடைய முதல் மூன்று அடிகளையும் கைகள் எதிராளியின் மார்பில் எப்போது படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். சேஸ், சுவெல் இருவருமே 2020 கல்லூரிப் பருவத்தில் ஆடாமல் விலகியிருந்ததால், இருவரையும் பற்றிய சான்று 2019ஆம் ஆண்டோடு நின்றிருந்தது என்பதையும் அன்று நேர்மையான விவாதம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசிச் சுற்றுகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை என்றாலும், பட்டியலில் உதையாளர் இடத்தையும் எழுதி வையுங்கள். அதே 2021 டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் பெங்கால்ஸுக்கு 149ஆவதாக வந்த இவான் மெக்ஃபெர்சன், அந்தப் பருவத்தின் பிளேஆஃப் (பருவ இறுதி நாக்அவுட்) ஆட்டங்களில் முயன்ற 14 கள உதைகளிலும் (கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) வென்று, டென்னசியையும் கான்சஸ் சிட்டியையும் வீழ்த்திய இறுதி உதைகளை அடித்தார்.

முடிவுகள் வந்த பிறகு எப்படித் தீர்ப்புச் சொல்வது என்பது தனிக் கலை. சேஸ் முதல் பருவத்தில் 1,455 யார்டு எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரரானார். அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் போவுலுக்குச் சென்றது. அதே பருவத்தில் பர்ரோ 51 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். டென்னசிக்கு எதிராக ஒன்பது முறையும், 23-20 என்று ராம்ஸிடம் தோற்ற சூப்பர் போவுலில் ஏழு முறையும் அவர் தரையில் விழுந்தார். டெட்ராய்ட்டுக்கு ஏழாவது தேர்வாகப் போன சுவெலோ லீகின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். இரு தரப்பும் வெற்றி கொண்டாடலாம் என்பதால், டிராஃப்டுக்கு முன்பே “இன்னது நடந்தால் என் கருத்து தவறு” என்று எழுதி வைப்பதே ஒரே வழி. சேஸை எடுத்தது சரியென்றே நான் கருதுகிறேன். லைனைச் சீரமைக்க 2022 மார்ச்சில் அலெக்ஸ் காப்பா, டெட் காரஸ், லயெல் காலின்ஸ் மூவரையும் அணி வெளிச்சந்தையில் வாங்க முடிந்தது. சேஸுக்கு நிகரான இருபத்தோரு வயது ரிசீவர் அங்கே விற்பனைக்கு இருந்ததில்லை.

ஆகஸ்ட் இறுதியில் பட்டியல் 53 பேராகச் சுருங்கும்போது உங்கள் தாளை மீண்டும் எடுத்துத் திருத்துங்கள். மற்ற அணிகள் விடுவிக்கும் வீரர்களைக் கோரும் உரிமை அப்போதும் முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே முதலில் கிடைக்கிறது. மூன்றாம் வாரம் கடந்த பின்னரே அந்த வரிசை நடப்புப் பருவத்தைப் பார்த்து மாறும். அதற்குள் உங்கள் அணியின் எந்த இடம் இன்னும் ஆளில்லாமல் இருக்கிறது என்பதைத் தாள் சொல்லிவிடும்.