பலமில்லாத மண்ணை உறுதிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் பரிசோதனை செய்யாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாக சைட்டுக்கு வரும் பொறியாளர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

காலண்டரைப் பார்த்து பாரத்தை எடுப்பது

இளகிய களிமண்ணில் கட்டடம் வருவதற்கு முன்பே, அதன் எடைக்குக் குறையாமல் மண்ணைக் கொட்டிக் குவிக்கிறோம். இதுதான் ப்ரீலோடிங். பாரம் ஏறிய புதிதில் அதைத் தாங்குவது களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர். அது வெளியேற வெளியேறத்தான் பாரம் மண் துகள்களுக்கு மாறி, மண் இறுகும். தண்ணீர் கடக்கும் தூரம் பாதியானால் நேரம் கால்வாசியாகும். செங்குத்து டிரெயின்களை (வடிகால்களை) நெருக்கமாக இறக்குவது அதற்காகத்தான்.

ஒரு கிடங்கு வேலை. வரைபடத்தில் ‘ஆறு மாதம்’ என்று இருந்தது. கெடு முடிந்ததும் லாரிகள் வந்து மண்ணை அள்ளத் தொடங்கின. மண் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும், கம்பி பொருத்திய செட்டில்மென்ட் பிளேட்டின் அளவுகளைக் குறித்த கோடோ இன்னும் கீழே சரிந்துகொண்டிருந்தது. “கணக்குப்படி முடிஞ்சிருச்சு சார்” என்றார் இளம் பொறியாளர். டிரெயினை மண்ணுக்குள் இறக்கும் மாண்ட்ரல் என்ற இரும்புக் குழாய் சுற்றிலும் உள்ள களிமண்ணைக் குழப்பி, நீர் வெளியேறுவதை மெதுவாக்கிவிடும். அந்தக் கணக்கில் அது சேரவே இல்லை. ஆழமான பைல் அஸ்திவாரத்தின் மேல் நின்ற கட்டடத் தூண்கள் அசையவில்லை. தரை மட்டும் இறங்கி, ஒவ்வொரு தூணைச் சுற்றியும் வெடித்தது. சரக்கை வெளியேற்றித் தரையை உடைத்துப் போட வேண்டியதாயிற்று. மண்ணை இன்னும் கொஞ்ச காலம் விட்டுவைக்கும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதே அவசரத்தை வேறு சைட்டுகளில் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

பிளேட் அளவுகளைச் சீரான இடைவெளியில் எடுங்கள். 1978-இல் வெளிவந்த அசாவோகா முறையில் இறுதி இறக்கத்தை மதிப்பிடுங்கள். பைசோமீட்டரில் நீரழுத்தம் தணிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுவாக 90 சதவீத இறுக்கமாவது வரட்டும். பிளேட் கம்பியை டோசர் இடித்து வளைத்துவிட்டால், அதை அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். பழைய அளவோடு ஒட்டவைத்துக் கோட்டை நேராக்காதீர்கள்.

சல்ஃபேட் பார்க்காமல் சுண்ணாம்பு கலப்பது

வேண்டவே வேண்டாம். மண்ணில் சல்ஃபேட் இருந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற விரிவடையும் கனிமம் உருவாகி, போட்ட தளத்தையே மேலே தூக்கும்.

சேறு போன்ற களிமண்ணில் ஸ்டோன் காலம் (கல் தூண்)

கல் தூணைப் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள மண்தான். அதற்கே வலுவில்லை என்றால் பாரம் ஏறியதும் தூண் பக்கவாட்டில் பிதுங்கும். தூணுக்கு ஜியோடெக்ஸ்டைல் (செயற்கைத் துணி) உறை போடுங்கள், இல்லையேல் வேறு முறைக்குப் போங்கள்.

மணலுக்கு ஷீப்ஃபுட் ரோலர்

உருளை முழுக்கக் குமிழ்கள் நீட்டிய அந்த ரோலர் களிமண்ணுக்கு. மணலுக்கு அதிர்வு ரோலர்.