கேம் கன்சோலில் வீடியோ திக்கித் திக்கி ஓடினால்

போனில் ஜோராக ஓடும் வீடியோ கன்சோலில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. இணைப்பைத் திட்டிப் பயனில்லை. டிவிக்குப் பின்னால் செருகிவைத்த கன்சோல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத் கன்ட்ரோலர் எல்லாம் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் பாதி சரியானது. மீதிக்குக் காரணம், பின்னணியில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்த கேம் அப்டேட். டவுன்லோடு வரிசைக்குப் போய் நிறுத்தினேன்.

கடைசியில் வைஃபைக்குப் பதில் கேட் 5இ வகை லேன் கேபிளே போட்டாயிற்று. கிரிம்ப் செய்யும்போது, அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, உள்ளிருக்கும் எட்டில் 4, 5, 7, 8-ஆம் கம்பிகளில் ஒன்று சரியாக அமராவிட்டால் வேகம் பெரும்பாலும் 1000-லிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு மெகாபிட்) இறங்கிவிடும். 4கே வீடியோவுக்கு 25 இருந்தாலே தாராளம். அதனால் படம் பார்க்கையில் கோளாறு தெரியாது, கேம் இறக்கும்போதுதான் கடுப்பேற்றும்.

படம் ஓடியும் சத்தம் வரவில்லையா? ஆடியோ அமைப்பில், சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீமை எடுத்துவிட்டு, கன்சோலே பிரித்து அனுப்பும் பிசிஎம் வையுங்கள்.